பேக்கரி செர்ரியும் செம்மண் களாவும்

கேக்கின் உச்சியிலும் பன்னின் நடுவிலும் பேக்கரிக்காரர் பதித்து வைக்கும் சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் செர்ரியே அல்ல, களாக்காய். முற்றாத களாக்காயைக் கீறி விதையை எடுத்துவிட்டு, உப்புநீரில் ஊறவைத்து, கந்தக உப்புகளால் நிறத்தை வெளுத்து, சுண்ணாம்புச் சத்தால் சதையை இறுக்கி, சர்க்கரைப் பாகில் நாள்கணக்கில் போட்டுவைக்கிறார்கள். கடைசியில் சாயம் ஏற்றியதும் செர்ரி தயார். அசல் செர்ரி காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளைகிற குளிர்நாட்டுப் பழம். விலை அதிகம், வைத்தால் தாங்காது. அதன் வேலையை ஏற்றுக்கொண்டதோ வெயிலில் காய்ந்து கிடக்கும் செம்மண் மேடுகளின் முள்புதர்.

இனிப்புக்கடைக்காரர் செய்த இந்த மாற்றீட்டைத் தோட்டக்காரரும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். இன்று தமிழ்நாட்டில் 'உணவுக் காடு' அமைக்க ஆசைப்படும் இளைஞர்கள் நிறையப் பேர். அவர்கள் படிக்கும் புத்தகங்களும் பார்க்கும் காணொளிகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ வட அமெரிக்காவிலிருந்தோ வருபவை. அவற்றில் மரங்களுக்கு அடியில் நடச் சொல்லும் புதர்களின் பட்டியலைப் பாருங்கள்: பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரி, புளூபெர்ரி, எலியாக்னஸ். விருத்தாசலத்தில் இரண்டு ஏக்கர் முந்திரிக் கொல்லை வைத்திருப்பவர் இந்தப் பட்டியலை என்ன செய்வது?

கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் அதற்கு முன், குளிர்நாட்டுக்காரர்கள் ஏன் புதரை அவ்வளவு நம்புகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அவர்கள் சொல்லும் காரணத்தில் பாதி நமக்கு உதவாது. மறுபாதி அவர்களைவிட நமக்கே அதிகம் பொருந்தும்.

முதலில் ஒரு சிறு வரலாறு. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், வென்லாக் எட்ஜ் என்னும் சரிவில், ராபர்ட் ஹார்ட் என்பவர் ஏறத்தாழ 500 சதுர மீட்டர் பழத்தோட்டத்தை ஏழு அடுக்குக் காடாக மாற்றினார். உயர்ந்த மரம், குட்டை மரம், புதர், கீரை, தரைபடரும் கொடி, கிழங்கு, ஏறுகொடி என்பன அந்த ஏழு அடுக்குகள். அவருக்கு முன்மாதிரிகளில் ஒன்று எது தெரியுமா? கேரளத்து வீட்டுத்தோட்டம். தென்னை, பலா, மிளகு, வாழை, சேனை என்று ஒரே பரப்பில் மாடி மாடியாக விளைவிக்கும் நம் பக்கத்து வழக்கத்தைத்தான் அவர் குளிருக்கு ஏற்றபடி மாற்றினார். பிறகு 1994-இல் டெவன் பகுதியின் டார்ட்டிங்டனில் மார்ட்டின் கிராஃபோர்ட் ஏறத்தாழ இரண்டு ஏக்கரில் இதைவிடப் பெரிய சோதனையைத் தொடங்கினார். இன்று நம் இளைஞர்கள் படிக்கும் பாடங்களில் பெரும்பங்கு இவர்கள் இருவர் வழி வந்தது. இங்கிருந்து போன சரக்கு அங்கே உருமாறி நமக்கே திரும்பி வந்திருக்கிறது. வந்த உருவிலேயே அதை எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

என்ன மாறியது? முதல் மாற்றம் வெயிலின் கோணம். ஷ்ராப்ஷயர் வடக்கே 52 டிகிரிக்கும் அப்பால் இருக்கிறது. விருத்தாசலம் பதினொன்றரை டிகிரியில். மார்ச் 21-ஆம் தேதி உச்சிப்பொழுதில் ஐந்து மீட்டர் உயர மரம் அங்கே ஆறரை மீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். இங்கே அதே மரத்தின் நிழல் ஒரு மீட்டர்தான். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுவதால் மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே விழும். குளிர்நாட்டுத் தோட்டக்காரருக்கு ஒளிதான் பற்றாக்குறைப் பொருள். மரங்களை எவ்வளவு தள்ளி நட வேண்டும், எதன் தெற்கே எது இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒளியைப் பங்கிடும் கணக்கு. நமக்கு ஒளி வீணாகிறது. பெரும்பாலான புதர்களின் இலை, முழு வெயிலில் பாதிகூட இல்லாத ஒளியிலேயே தன் முழு வேகத்தை எட்டிவிடுகிறது. மிச்சம் வரும் ஒளி வெறும் சூடு. அந்தச் சூட்டைத் தணிக்க இலை தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஷ்ராப்ஷயரில் நிழல் ஒரு செலவு. விருத்தாசலத்தில், ஓரளவு வரைக்கும், அது சேமிப்பு.

இரண்டாவது மாற்றம் குளிரே. பிளாக்கரன்ட் போன்ற செடிகளின் மொட்டுகள் இலையுதிர் காலத்தில் உறங்கிவிடும். ஏறத்தாழ ஏழு டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாத குளிரைக் கண்ட பிறகே அந்த உறக்கம் சரியாகக் கலையும். ஜனவரியில் நான்கு நாள் வெப்பம் வந்துவிட்டால் ஏமாந்து பூத்துவிடாமல், பிப்ரவரிப் பனியில் கருகாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் பூட்டு இது. விருத்தாசலத்தின் மார்கழி விடியலில்கூட வெப்பமானி பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே இங்கே அந்தப் பூட்டுக்குச் சாவியே இல்லை. செடி உயிரோடு இருக்கலாம், இலைகூட விடலாம், காய்க்காது. இணையத்தில் பிளாக்கரன்ட் நாற்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதுவரை சொன்னது பொருந்தாத பாதி. இனி பொருந்தும் பாதி.

ஒரு செடியின் தண்டுக்குள் நீர் எப்படி ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வேர் கீழிருந்து தள்ளுவது கொஞ்சம்தான். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது மேலிருந்து ஏற்படும் இழுப்புதான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. சைலம் என்னும் நுண்குழாய்களில் நீர்ப்பத்தி அறுபடாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. வறண்ட நிலத்துச் செடிகளில் அந்த இழுவிசை வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல பத்து மடங்குகூட இருக்கும். உறிஞ்சுகுழலில் சின்ன ஓட்டை விழுந்தால் இளநீர் மேலே வராதல்லவா? சைலம் குழாயிலும் காற்று புகுந்தால் அந்தக் குழாய் செத்தது.

காற்று இரண்டு வழிகளில் புகும். ஒன்று, மண் காய்ந்து இழுப்பு கூடிக்கொண்டே போகும்போது, பக்கத்துக் காலிக்குழாயிலிருந்து குழாய்ச்சுவரின் நுண்துளை வழியே காற்று பிய்த்துக்கொண்டு உள்ளே வரும். இது வறட்சி. மற்றொன்று, குழாயில் இருக்கும் நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று பனிக்கட்டிக்குள் குமிழாகச் சிக்கிக்கொள்ளும். பனி உருகியதும் குமிழ் விரிந்து பத்தியை அறுத்துவிடும். இது குளிர். காரணம் வேறு, விளைவு ஒன்று: இலைக்குத் தண்ணீர் நின்றுபோகிறது.

இந்த இரண்டு ஆபத்துகளையும் தாங்கும் செடிகள் உடற்கட்டில் ஒன்றையொன்று ஒத்திருப்பதில் வியப்பில்லை. குழாய்கள் மெலிந்திருக்கும். ஏறத்தாழ 40 மைக்ரானுக்கு மேல் அகலமான குழாய்கள் உறைந்து உருகும்போது அடைபட்டுவிடுகின்றன, அதற்கும் மெல்லியவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன என்பது ஆய்வுகள் காட்டிய கணக்கு. வறட்சியிலும், கறாரான விதி இல்லையென்றாலும், மெல்லிய குழாய்க்கே பாதுகாப்பு அதிகம். இரண்டாவதாக, ஒரே தண்டில் எல்லாவற்றையும் பந்தயம் கட்டாமல் அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். ஒன்றில் குழாய் அடைபட்டுக் காய்ந்தாலும் மற்றது ஓடும். எல்லாமே போனாலும் மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டை மறுபடி தளிர்க்கும். பல தண்டு, குறைந்த உயரம், சிறிய இலை, தளிர்க்கும் அடிக்கட்டை. புதர் என்றால் இதுதான். குளிரும் வறட்சியும் செடியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. இரண்டு நிலங்களிலும் கிடைத்த விடைகளில் ஒன்று புதர்.

இதற்கு விலை உண்டு. குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடும் நீர் பாதியாகக் குறைவதில்லை, பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஓட்டம் மாறும் என்பது பாய்ம இயற்பியலின் விதி. நீர் மெதுவாக வந்தால் இலையும் மெதுவாகத்தான் உண்டாகும். களா நட்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் "வளரவே மாட்டேங்குதே" என்று சலித்துக்கொள்வதன் பின்னணியில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. களாக்கட்டையை அறுத்தால் வெட்டுமுகம் வழவழவென்று நெருக்கமாக இருக்கும். அதில் சீப்பும் கரண்டியும் கடைந்திருக்கிறார்கள். துளைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை என்பதால்தான் அந்த வழவழப்பு.

குளிர்நாட்டுப் புதரை நேரில் பார்க்க இங்கிலாந்து வரை போகவும் வேண்டாம். லடாக்கில் சீ பக்தார்ன் என்ற முள்புதர் இருக்கிறது. மூன்றாயிரம் மீட்டருக்கு மேல், ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மட்டுமே பெய்யும், குளிர்காலத்தில் மைனஸ் இருபதையும் தாண்டும் பள்ளத்தாக்குகளில் ஆற்றோரமும் வயல் ஓரமும் அது வேலியாக நிற்கிறது. வேர்முடிச்சில் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிரை வைத்துக்கொண்டு காற்றின் நைட்ரஜனைத் தானே உரமாக்கிக்கொள்ளும். ஆரஞ்சு நிறப் பழம், முகம் சுளிக்கவைக்கும் புளிப்பு, ஏராளமான வைட்டமின் சி. லேயில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் அதிலிருந்து பானம் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. முள், புளிப்பு, வேலி, பறிக்கும் கஷ்டம் என எல்லாவற்றிலும் அது களாவின் தூரத்துப் பங்காளி போலத் தோன்றும். தாவரக் குடும்பம் வேறு, வாழ்க்கை ஒன்று. ஒரேயொரு முக்கியமான வேறுபாடு: களா நைட்ரஜனைச் சேர்க்காது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இப்போது விருத்தாசலத்து மண்ணுக்கு வருவோம். பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைக் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இங்கே இருக்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அந்தக் களிமண்ணின் முக்கியக் கனிமம் கயோலினைட். தட்டையான நுண்படிகங்கள், ஒன்றன்மேல் ஒன்று இறுகப் படிந்தவை. இடையில் நீரோ உப்போ எளிதில் நுழையாது. அதனால்தான் பீங்கான் செய்ய உகந்தது: நனைத்தால் பெரிதாக உப்பாது, காய்ந்தால் பாளமாக வெடிக்காது, சூளையில் ஒழுங்காகச் சுருங்கும்.

குயவருக்கு வரமான அதே குணம் உழவருக்குச் சோதனை. ஊரைச் சுற்றியுள்ள செம்மண்ணிலும் செம்புறாங்கல் மேட்டிலும் இருக்கும் களிமண்ணில் பெரும்பங்கு இந்தக் கயோலினைட்தான். கூடவே இரும்பு ஆக்சைடு, அதுதான் சிவப்பு நிறம் தருவது. நூறு கிராம் கயோலினைட் பிடித்துவைக்கக்கூடிய கால்சியம், பொட்டாசியம், அம்மோனியம் போன்ற சத்துகள் சுமார் 3 முதல் 15 மில்லி சமன எடை. கரிசல் மண்ணின் ஸ்மெக்டைட் களிமண் 80 முதல் 150 வரை பிடிக்கும். ஆகவே இங்கே போட்ட உரம் அடுத்த மழைக்குப் பாதி காணாமல் போகும். பாஸ்பரஸின் கதை நேர்மாறு: இரும்பு ஆக்சைடு அதைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. இருந்தும் பயனில்லாத செல்வம்.

இந்த மண்ணில் உழுது விதைக்கும் ஆண்டுப்பயிரைவிட, பல்லாண்டு நிற்கும் செடிக்கு ஏன் சாதகம் என்பது இங்கே புரியும். நிலைத்த வேரில் குடியேறும் மைக்கோரைசா பூஞ்சைகள், வேர்முடி எட்டாத இண்டு இடுக்குகளில் தம் இழைகளை நுழைத்துப் பாஸ்பரஸைத் தேடி எடுத்து வரும். ஆண்டுதோறும் உழுதால் அந்த இழைப்பின்னல் அறுந்து ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சத்தைப் பிடிக்கக் களிமண் உதவாதபோது மக்கிய இலைச்சருகுதான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். சருகைத் தருவது மரமும் புதரும். உணவுக் காடு என்ற யோசனை வளமான டெவன் மண்ணைவிட இந்தப் பீங்கான் மண்ணுக்கே அதிகம் தேவை என்பேன்.

இதே மண்ணில் ஒரு பெரிய சான்றும் இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே, கல்மரங்களுக்குப் பெயர்போன திருவக்கரையிலும் விருத்தாசலம், நெய்வேலிப் பகுதியிலும் காணப்படுவது ஒரே பாறை அடுக்குத்தான். புவியியலார் அதைக் கடலூர் மணற்கல் என்கிறார்கள். 1968-இல் இதே அடுக்கின் மேல் ஆரோவில் தொடங்கியபோது அங்கே இருந்தது மழை அரித்துப் பிளந்த செம்மேடு. முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு வேல மரங்களை நிழலுக்காக நட்டு, பிறகு அவற்றின் கீழே கோரமண்டல் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களையும் புதர்களையும் கொண்டுவந்தார்கள். அந்தக் காடு இயற்கையாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான். அய்யனார் கோயிலுக்குப் பின்னால் உள்ளே நுழைய முடியாத புதரில் சூரை, காரை இவற்றோடு சிறுகளா என்ற கிளாவும் இருக்கும். தோட்டத்தில் நாம் நடும் பெருங்களாவுக்கு அது நெருங்கிய உறவு. காய் சிறிது, ருசி குறைவில்லை.

விருத்தாசலத்தில் உணவுக் காட்டின் மேல்மாடி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. முந்திரிக்காடு என்றே ஊரில் சொல்கிறார்கள். பண்ருட்டி பக்கம் போகப் போக அதில் பலாவும் சேர்ந்துகொள்ளும். முந்திரி போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் என்றாலும் இந்த மண்ணை அது தன் சொந்த ஊராக்கிக்கொண்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் தந்த விஆர்ஐ ரகங்கள், குறிப்பாக 1991-இல் வெளியான விஆர்ஐ 3, தமிழ்நாட்டுக்கு வெளியிலும் நடப்படுகின்றன. பழைய முறையில் ஏழு மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 200 கன்று. அடர்நடவில் ஐந்துக்கு நான்கு மீட்டர் இடைவெளியில் 500 கன்று நட்டு, கவாத்து செய்து குட்டையாக வைத்துக்கொள்கிறார்கள். கவனியுங்கள்: மரத்தைப் புதராக்கும் வேலை இது.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. தாத்தா நட்ட பலாவைப் பேரன் ரம்பத்தால் அறுத்து விறகாக விற்ற காலம் அது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். தழைப்பரப்பு பெரிதாக, உச்சி உயரமாக இருக்க இருக்க, நெம்புகோல் நீண்டு வேரில் விழும் பளு கூடும். செம்புறாங்கல் படுகைக்கு மேலே ஆழமில்லாத மண்ணில் நிற்கும் மரத்துக்கு அந்தப் பளுவைத் தாங்கப் பிடிமானம் போதாது. இரண்டு மீட்டர் புதரைக் காற்று அசைக்கும், இலையை உருவும். வேரோடு பெயர்ப்பது கடினம். கிளை முறிந்தாலும் அடியிலிருந்து தளிர்த்துவிடும். புதிதாக நட்ட முந்திரி காய்க்க மூன்று ஆண்டுகள், நட்ட பலா காய்க்க அதற்கும் மேல். அந்த இடைக்காலத்தில் கொல்லையில் ஏதோ ஒன்று காய்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் அது புதராக இருப்பதே நல்லது.

சரி, களாவை எங்கே நடுவது? முந்திரிக்கு நேர் கீழே வேண்டாம். நன்கு கவிந்த முந்திரியின் அடியில் நிழல் அடர்த்தி. தடித்த தோல் போன்ற சருகு எளிதில் மக்காமல் மெத்தையாகக் கிடக்கும். அங்கே புல்லே தயங்கித்தான் முளைக்கும். குளிர்நாட்டுப் புத்தகம் 'அடியில் நடு' என்று சொல்லும் இடத்தில் நாம் 'ஓரத்தில் நடு' என்று திருத்திக்கொள்ள வேண்டும். ஓரம் என்றால் வரப்பு, வேலி, பாதைக்கரை. காலையிலோ மாலையிலோ ஒருபொழுது மரநிழல், மறுபொழுது வெயில். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் நாற்புறச் சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர். மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் 250 புதர். மரத்துக்கான இடம் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. வேலியாக மட்டும் போதும் என்பவர் இன்னும் நெருக்கி இரண்டடிக்கு ஒன்று வைக்கலாம். பழத்துக்காக என்றால் ஆறடிக்குக் குறையாதீர்கள்.

ஆடு இந்தப் பகுதித் தோட்டக்காரரின் முதல் எதிரி. களாவின் பாலும் முள்ளும் அதற்குப் பிடிக்காது. அந்த முள்ளைக் கிட்டத்தில் பாருங்கள்: எதிரெதிரான இலைகளின் கணுவில் இரண்டு இரண்டாக, சில நுனியில் கவைபோல் பிரிந்து, அடியில் பச்சையாகவும் முனையில் பழுப்பாகவும் இருக்கும். இது ரோஜாவில் இருப்பதுபோல் தோலில் முளைத்த முள் அல்ல, உருமாறிய கிளை. ஆகவே பிடுங்கினாலும் வராது, ஒடித்துத்தான் எடுக்க வேண்டும். கிளைநுனிகளில் கொத்தாக வெள்ளைப் பூ, பிச்சிப்பூவை நினைவூட்டும் மணம். நுனியில்தான் பூ என்பதால் வேலியைச் சீராக்குகிறேன் என்று பூக்கும் பருவத்தில் கத்தரி போட்டால் அந்த ஆண்டு காய் போச்சு. பழம் பறித்து முடித்தபின் வெட்டுங்கள்.

இனி நைட்ரஜன். களா அதைத் தராது என்றேன். வேலியோரம் ஆவாரையும் இருக்கிறதே, பயறு குடும்பம்தானே, அது சேர்க்குமே என்று சிலர் நினைக்கிறார்கள். ஆவாரை பயறு குடும்பம்தான். ஆனால் வேர்முடிச்சு உண்டாக்காத கிளையைச் சேர்ந்தது. அந்த வேலைக்குக் கொழிஞ்சியை விதையுங்கள். முந்திரிக் கன்று சிறிதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இடையில் மல்லாட்டை போடுவது இங்கே பழைய வழக்கம். அதுவும் இதே வேலையைச் செய்கிறது, காசும் தருகிறது. களாவேலி தோளுயரம் வந்தபிறகு அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறும். யாரும் நடத் தேவையில்லை, சின்னான் குருவியே கோவை விதையைப் போட்டுவிடும்.

நடும் பருவம் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சித்திரை மழையை நம்பி நடாதீர்கள். இந்த மாவட்டத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது. புரட்டாசிக் கடைசியில், ஓராண்டு வளர்ந்த கன்றை ஒன்றரை அடிக் குழியில் மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து வைத்தால் வேருக்கு மூன்று மாத ஈரம் கிடைக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. முதல் கோடையில் மட்டும் பத்து நாளுக்கு ஒரு குடம் ஊற்றி, சுற்றிலும் முந்திரிச் சருகை மூடாக்காகப் போடுங்கள். சீக்கிரம் மக்காத அதன் குணம் இங்கே நமக்குச் சாதகம். இரண்டாம் கோடையைச் செடி தானே கடந்துவிடும். மூன்றாம் ஆண்டில் காய் பார்க்கலாம்.

வரவு எவ்வளவு? நன்கு வளர்ந்த புதருக்கு மூன்று முதல் ஐந்து கிலோ என்பது தோட்டக்கலை நூல்களில் வழக்கமாகக் காணும் அளவு. வேலி நெருக்கத்தில் அதற்கும் குறையும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பறிப்பது கை கிழியும் வேலை. பழம் இரண்டு மூன்று நாளில் தளர்ந்துவிடும். உழவர் சந்தையில் கூறுகட்டி விற்கலாம், ஊறுகாய்க்காரர் வாங்குவார், பெக்டின் நிறைய இருப்பதால் வேறு எதுவும் சேர்க்காமலேயே ஜாம் இறுகும். ஆனால் முந்திரிக்கொட்டைபோல் வீடு தேடி வந்து எடை போடும் வியாபாரி இதற்கு இல்லை. களாவால் லட்சாதிபதி ஆகலாம் என்று யாராவது நாற்று விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். வேலிச்செலவு மிச்சம், வீட்டுக்கு ஊறுகாய், குருவிக்குப் பழம், புயலுக்குப் பின்னும் நிற்கும் ஒரு பயிர் என்ற அளவில் இது லாபம். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்கு உரிய சேர மன்னன் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல். களங்காயால் கட்டிய கண்ணியைச் சூடியவன் என்று பெயரே சொல்கிறது. அரசன் தலையில் இருந்த காய் இன்று சாயம் பூசி வேறு பெயரில் விற்கிறது. நம் வேலியிலாவது அது தன் பெயரோடு இருக்கட்டும்.

நாற்றுக்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை. ஆடி, ஆவணியில் கறுத்துக் கனிந்த பழத்தை எடுத்துப் பிசையுங்கள். கையில் பிசுபிசுக்கும் பால் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். உள்ளே இருக்கும் தட்டையான சில விதைகளைச் சாம்பலில் புரட்டிக் கழுவி, நிழலில் ஒருநாள் ஆறவிட்டு, அந்த வாரமே செம்மண்ணும் மணலும் எருவும் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றிவிடுங்கள். களா விதை நாள்பட்டால் முளைப்புத்திறனை வேகமாக இழக்கும். வெண்டை விதைபோல் டப்பாவில் போட்டு அடுத்த ஆடிப்பட்டத்துக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.